குழுவில் கொதிப்பு: பொறியாளர் பதில்கள்

கேள்வி: எங்கள் ஊர்ப் பொறியாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இளைஞர் 9-க்கு 12 அங்குல பில்லரின் வரைபடத்தைப் போட்டார். மெயின் கம்பி 12 எம்.எம்., ரிங் இடைவெளி 300 மி.மீ. "எந்தக் காலேஜில் படித்தாய்?" என்று கேட்டேன். உடனே குழுவைவிட்டுப் போய்விட்டார். தவறைத்தானே சுட்டினேன்?
- பொறியாளர், நாமக்கல்

பதில்: எங்கே சுட்டினீர்கள்? நீங்கள் எழுதியதில் ரிங் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456 மூன்று வரம்புகள் வைத்திருக்கிறது. பில்லரின் குறுகிய பக்கம், இங்கே 230 மி.மீ. மெயின் கம்பி விட்டத்தின் 16 மடங்கு, அதாவது 192. பிறகு 300. மூன்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. நிலநடுக்க விதியான ஐ.எஸ். 13920 இன்னும் நெருக்கமாகக் கேட்கும், அது தனி. அந்தப் பையன் 300-ஐ மட்டும் மனதில் வைத்திருந்திருக்கிறார். பலர் செய்கிற பிழைதான். "தம்பி, 16 மடங்கு விதியைப் பாருங்கள், 192-க்குள் வரணும்" என்று எழுதியிருந்தால் குழுவில் இன்னும் சிலர் தங்கள் வரைபடத்தை எடுத்துப் புரட்டியிருப்பார்கள். இப்போதோ, இங்கே வரைபடம் போட்டால் அவமானம் என்பதைத்தான் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

இன்றே அவருக்குப் போன் செய்யுங்கள். முதலில் 192-ஐச் சொல்லுங்கள், அங்கே கான்கிரீட் போட்டுவிடப் போகிறார்கள். மன்னிப்பை அதற்குப் பிறகு கேளுங்கள். போனில் மட்டும் போதாது, குழுவிலும் கேட்க வேண்டும். அவமானம் அங்கேதான் நடந்தது.

கேள்வி: இரவு 11 மணிக்கு என் டிசைனைக் கிண்டல் செய்து ஒருவர் எழுதினார். உடனே பதிலடி கொடுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?
- வாசகர், ஓசூர்

பதில்: ஆகாது. காலையில் எழுதுங்கள். அனுப்பியதைத் திருத்த வாட்ஸ்அப் தருவது 15 நிமிடம். கோபம் அதற்குள் இறங்காது.

கேள்வி: லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சக நிரலர்களைத் திட்டித் திட்டித்தான் தரத்தைக் காப்பாற்றினார் என்கிறார் எங்கள் டீம் லீட். கோட் ரிவ்யூவில் அவரும் அதே பாணியில் எழுதுகிறார்.
- மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: உங்கள் டீம் லீட் பாதிக் கதையோடு நின்றுவிட்டார். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ், தம் மின்னஞ்சல்களில் ஆட்களைத் தாக்கியது தொழிலுக்கு அழகல்ல என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச காலம் பொறுப்பிலிருந்து ஒதுங்கியும் இருந்தார். அதே மாதம் கெர்னல் குழு நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். மோசமான நிரல் அதற்குப் பிறகும் ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பப்படுகிறது. தரம் விழவில்லை. இதை அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர் எங்கள் குழுவில் இருக்கிறார். சென்னையில் கட்டும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு மாதிரிக் கணக்குப் போட்டிருந்தார். அடிப்படைக் காற்று வேகத்தை 39 என்று எடுத்திருக்கிறார். குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டு நன்றி சொல்கிறார்கள். அவரிடம் எப்படிச் சொல்வது? தனியாகச் சொல்லவா, விட்டுவிடவா?
- பொறியாளர், செங்கல்பட்டு

பதில்: விட்டுவிடவா என்று கேட்டதே எனக்குப் பதைக்கிறது. ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்குத் தருவது விநாடிக்கு 50 மீட்டர். 39 என்பது மதுரைக்கும் கோவைக்கும். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், ஆகவே வர வேண்டிய அழுத்தம் இந்தக் கணக்கில் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். அந்தத் தாளை இந்நேரம் யாராவது டவுன்லோடு செய்திருப்பார்கள். தனியாகச் சொன்னால் பேராசிரியர் மட்டும் திருந்துவார், தாள் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

1986 ஜனவரி 27 இரவு நடந்ததைச் சொல்கிறேன். சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை ஏவப்பட இருந்தது. அதன் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவில் இருந்தார்கள். நாசா ஆட்கள் அலபாமாவிலும் ஃபுளோரிடாவிலும் இருந்தார்கள். எல்லோரும் ஒரே தொலைபேசி இணைப்பில் பேசினார்கள். குளிரில் ரப்பர் ஓ-ரிங்குகள் விறைத்துப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவக்கூடாது என்றார்கள் பொறியாளர்கள். நாசா பக்கம் எரிச்சல். இணைப்பைத் துண்டித்துவிட்டு தயோக்கால் தனியாகக் கூடியது. ரோஜர் பாய்ஜாலியும் ஆர்னி தாம்ப்சனும் நிர்வாகிகளின் மேசைக்கே போய் வாதாடினார்கள். யாரும் காது கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பொறியியல் பிரிவின் தலைவரிடம், இப்போது நிர்வாகியாக யோசி என்று மேலதிகாரி சொன்னார். இணைப்பு மறுபடி வந்தபோது தயோக்கால் "ஏவலாம்" என்றது. யூட்டாவில் எதிர்த்த பொறியாளர்கள் அந்த இணைப்பில் வாய் திறக்கவில்லை. ஃபுளோரிடாவில் இருந்த அவர்களுடைய ஆள் ஆலன் மெக்டொனால்டு ஒப்புதலில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார். மறுநாள் 73-ஆவது விநாடியில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

அந்த மேசையில் பேசியவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பலர் அந்த மேசை வரைகூடப் போக மாட்டோம். இணைப்பின் மறுமுனையில் இருந்தவர்களுக்கு எதிர்ப்பே மிச்சமில்லாததுபோல் பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இன்று நம் குழுக்களில் தவறான கணக்குக்கு வரிசையாகக் கும்பிடு விழும்போதும் அப்படித்தான் படும்.

இப்படி எழுதுங்கள்: "ஐயா, சென்னைக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் 50 மீட்டர் இருக்கிறது. இந்தக் கணக்கில் 39 எடுத்திருக்கிறது. தொட்டியின் தாங்குதூண்களுக்கு இது ஆபத்து. திருத்திப் போடும்வரை இதை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." ஐயா என்பது இருக்கட்டும். "சின்ன சந்தேகம்", "நான் தவறாகவும் இருக்கலாம்" என்பவை வேண்டாம். உங்களுக்குச் சந்தேகம் இல்லை, விதி கையில் இருக்கிறது. நல்ல ஆசிரியர் அன்றைக்கே திருத்துவார். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தொட்டி நிற்க வேண்டும்.

பெரியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் பின்னால் வருகிறவர் ஆமோதிக்கத்தான் செய்வார்.

கேள்வி: மருத்துவர்கள் குழுவின் அட்மின் நான். இருவர் ஒருமையில் திட்டிக்கொள்கிறார்கள், சாதியும் வந்துவிட்டது. சட்டப்படி எனக்குச் சிக்கல் வருமா?
- மருத்துவர், திருநெல்வேலி

பதில்: பிறர் எழுதியதற்காக, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக உங்களைப் பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியிருக்கின்றன. அதனால் நிம்மதியாக இருங்கள். ஆனால் சாதி பேசின செய்தி இன்னும் அங்கேயே கிடக்கிறதா? யாருடைய செய்தியையும் எல்லோருக்கும் நீக்க அட்மினால் முடியும். நீக்குங்கள், எழுதியவரையும் வெளியே அனுப்புங்கள். மருந்தின் அளவு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் மோதிக்கொள்ளட்டும். சாதிக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கேள்வி: நான் என்ன போட்டாலும் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிறார்கள். பெண் என்பதாலா, என் வேலை மோசமா என்று புரியவில்லை. இனிமேல் எதுவும் போடாமல் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது.
- பொறியாளர், திருச்சி

பதில்: அம்மா, கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். லோடு எவ்வளவு எடுத்தீர்கள், எந்த கிரேடு கான்கிரீட் என்று கேட்டிருந்தால் உங்களைச் சக பொறியாளராக மதித்துத்தான் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லுங்கள், உறைக்கிற மாதிரியே சொல்லுங்கள். "சைட்டுக்குப் போயிருக்கீங்களா", "யார் போட்டுக் கொடுத்தாங்க" என்று கேட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்லவே வேண்டாம், அட்மினுக்கு அனுப்புங்கள். அவர் அசையவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. அடுத்த ஃபுட்டிங் வரைபடத்தைப் போடுங்கள். மண்ணின் தாங்குதிறன் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வியாக வரும், சாயில் டெஸ்ட் அறிக்கையையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.