500 மணி நேரப் பயிற்சி யாரிடம்?

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் டி.பார்ம். படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம்.

இரண்டாண்டுப் பாடம் முடிந்ததும், மருத்துவமனை மருந்தகத்திலோ உரிமம் பெற்ற மருந்துக் கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். அது மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய மருந்தியல் கவுன்சிலின் விதி. அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதில் கழிய வேண்டும். ஒரே ஒரு பதிவு பெற்ற மருந்தாளுநர் உள்ள இடத்தில் இரண்டு மாணவர்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பலர் கவனிப்பதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்கள்?

மருந்தின் பெயரும் அளவும் புத்தகத்திலேயே இருக்கின்றன. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதில் இல்லை. தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, தூக்கமே வரல, போன தடவ குடுத்த மாத்திரையையே குடு" என்கிறார். சீட்டு இல்லை. புதிய மாணவன் தடுமாறுவான். மூத்த மருந்தாளுநர் அவரை உட்காரவைத்து, "டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துருங்க மாமா" என்று மரியாதை குறையாமல் அனுப்புவதை நான்கு முறை பார்த்தவன், ஐந்தாம் முறை தானே சொல்வான்.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று உறையில் எழுதி, வாங்குபவரையே திருப்பிச் சொல்ல வைப்பதும் பக்கத்தில் நின்று பழகுவதுதான்.

எச்1 பட்டியல் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதை அன்றன்றைக்கு எழுதும் கடையில் பயின்றவனுக்கு அது சுமையாகத் தெரியாது. மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பும் கடையில் பயின்றவனோ, மருந்தாளுநர் வேலை என்பதே கையெழுத்துதான் என்று நினைத்துக்கொள்வான். பிறகு தன் சான்றிதழை ஒரு கடைக்கு மாத வாடகைக்கு விடுவதும் அவனுக்குத் தவறாகத் தோன்றாது. நோயாளியின் உயிர் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லையே!

பயிற்சிக்குப் போகாமலே கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு, அதிலும் பெண் பிள்ளை என்றால். தயக்கம் புரிகிறது. அதற்கு வழி, பெண் மருந்தாளுநர் பணியாற்றும் மருத்துவமனை மருந்தகத்தைத் தேடி, கல்லூரி அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது.

ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்திடும் முன், கூட்டம் இருக்கும் மாலை வேளையில் அந்த இடத்துக்கு ஒருமுறை போங்கள். மருந்தாளுநர் தாமே கவுண்டரில் நிற்கிறாரா, அவரிடம் இப்போது எத்தனை மாணவர்கள் பயில்கிறார்கள் என்று நேரில் பாருங்கள்.