மலைவழிச் சத்திரமும் மிதிவண்டிப் பயணமும்

சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்தையும் இத்தாலியின் ஆயோஸ்தாப் பள்ளத்தாக்கையும் இணைக்கும் பெரிய சென்ற் பேர்னாட் கணவாய் கடல்மட்டத்திலிருந்து 2469 மீற்றர் உயரத்தில் உள்ளது. கணவாய் என்பது இரு மலைகளுக்கிடையே அமைந்த தாழ்வான வழியாகும். தாழ்ந்த வழியே இத்துணை உயரமெனின் அதனைச் சூழ்ந்த சிகரங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உரோமர் காலத்திலேயே இவ்வழி பயன்பட்டது. உச்சியில் யூப்பிற்றர் தெய்வத்துக்கு ஒரு கோயிலும் இருந்தது. 1050ஆம் ஆண்டளவில், ஆயோஸ்தாவில் திருச்சபைப் பணியாற்றிய பேர்னாட் என்னும் பெரியார் வழிப்போக்கரைக் காக்கும் பொருட்டு இவ்விடத்தில் ஓர் இல்லத்தை நிறுவினார். அகுஸ்தீனார் ஒழுங்கைப் பின்பற்றும் குருமார் வாழும் அவ்வில்லம் இன்றும் இயங்கி வருகின்றது. நம் மொழியில் அதனைச் சத்திரம் என்றும் சொல்லலாம், மடம் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்ததே அது.

இத்தகைய இடத்தில் எதற்காக மனிதர் வாழவேண்டும் என்று கேட்கத் தோன்றும். பனிப்புயலிலும் மூடுபனியிலும் வழிதவறி இறந்தோர் தொகை பெரிது. அவ்வாறு இறந்தவர்களைப் புதைக்க, பாறையும் உறைந்த மண்ணுமான அந்நிலத்திலே குழி தோண்ட முடிவதில்லை. ஆதலால் உறவினர் வந்து அடையாளம் காணும்வரை உடல்களை வைப்பதற்கென இல்லத்தின் அருகே தனிக்கட்டடம் ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1846இல் இங்கு வந்தபோது அதனைக் கண்டார். பின்னர் தம் நாவலொன்றிலும் அதனை விவரித்தார். இல்லத்தின் அன்றாட ஒழுங்குகள் இத்தகைய மரணங்களைக் கண்டவர்கள் வகுத்தவை என்பதை மறத்தலாகாது.

இனிப் பயணத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே மிதிவண்டி ஓட்டிப் பழகிய நம் பெற்றோருக்கு எதிர்க்காற்றுத் தெரியும், மணல் ஒழுங்கை தெரியும். ஏற்றம் என்பது பாலத்தின் மேடு அளவே. இங்கோ 471 மீற்றர் உயரத்திலுள்ள மார்த்தினி நகரிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஏறிக்கொண்டே போகவேண்டும். திராட்சைத் தோட்டங்கள் முதலில் மறையும். ஒர்சியேர், லீட் என்னும் ஊர்களைக் கடந்து பூர்க் சென் பியர் என்னும் சிற்றூரை அடைகையில் மரங்கள் குறையத் தொடங்கும். அதன்பின் பனிச்சரிவிலிருந்து காக்கக் கூரையிடப்பட்ட நீண்ட பாதை வரும். வாகனங்களின் பேரொலி அதனுள் எதிரொலிக்கும். முழு வழியிலும் மனம் கலங்கும் பகுதி இதுவேயாகும். கடைசி 6 கிலோமீற்றரில் மட்டும் ஏறத்தாழ 550 மீற்றர் உயரவேண்டும். அதாவது, நூறு மீற்றர் தூரத்துக்கு ஒன்பது மீற்றர் ஏற்றம்.

மாணவர்களே, இவ்வேற்றத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டுமென்று கணக்கிட்டுப் பாருங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனவும், ஏறவேண்டிய உயரம் 2000 மீற்றர் எனவும் கொள்வோம். 80ஐ 9.8ஆலும் 2000ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 15 இலட்சத்து 70 ஆயிரம் யூல் வரும். இது ஏறக்குறைய 375 கிலோகலோரி. ஆனால் நம் தசைகள் உணவின் சக்தியில் நாலில் ஒரு பங்கை மாத்திரமே இயக்கமாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிவிடும். ஆகவே 1500 கிலோகலோரி வேண்டும். நாம் உண்ணும் அரிசியிற் சொன்னால் 400 கிராமுக்கும் மேல்! காற்றின் தடையையும் சக்கரங்களின் உராய்வையும் இதில் நாம் சேர்க்கவில்லை. மேலும், உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்காற்பங்கே. நூறு மீற்றர் உயர்வுக்கு அரைப் பாகைக்குச் சற்று மேலாக வெப்பநிலை குறைவதால், மார்த்தினியில் வியர்த்தவர் உச்சியில் பன்னிரண்டு பாகை குறைந்த குளிரில் நனைந்த சட்டையுடன் நிற்பார். அந்நிலையில் அவருக்கு ஒரு கிண்ணம் சூடான சூப்பு எத்தகையதென்பதை விளக்கவேண்டுமா?

இல்லத்தில் வாழ்க்கை ஆரவாரமற்றது. காலையும் மாலையும் குருமார் கூடி வழிபடுகின்றனர். விருந்தினர் விரும்பினால் கலந்துகொள்ளலாம், விரும்பாவிடின் கட்டாயமில்லை. நீண்ட மேசைகளில் முன்பின் அறியாதோர் ஒன்றாக அமர்ந்து உண்பர். எஞ்சிய நேரமெல்லாம் சமையல், படுக்கைகளைச் சீர்செய்தல், துப்புரவு, பனி அகற்றல், வருவோருடன் உரையாடல் என்பவற்றிலே கழியும். தொண்டர்களும் பணியாளர்களும் உடனிருந்து உதவுகின்றனர். ஒக்டோபர் முதல் ஏறத்தாழ யூன் வரை வீதி பனியால் மூடப்படுவதால், குளிர்காலத்துக்கு வேண்டிய பொருள்களை முன்கூட்டியே சேர்த்துவைத்தல் பெருவேலை. அக்காலத்திலும் பனிச்சறுக்கு மட்டைகளில் வருவோருக்காக இல்லம் திறந்திருக்கும். கிறிஸ்து இங்கே வணங்கப்படுகிறார், உணவூட்டவும் படுகிறார் என்னும் கருத்துடையது இவ்வில்லத்தின் இலத்தீன் மொழி விருதுவாக்கு. பசியோடு வருபவரே அவர் என்பது அதன் உட்பொருள். திருக்குறளில் விருந்தோம்பல் என்னும் அதிகாரம் அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் நடுவே வைக்கப்பட்டிருப்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். அறிந்த உறவினருக்கு விருந்திடுவது எளிது.

நாய்களைப் பற்றிச் சொல்லாவிடின் சிறுவர்கள் மனம் வருந்துவர். வழிகாட்டிகளுடன் சென்று பனியிற் புதைந்தோரைத் தேடிய இந்நாய்களுள் பாரி என்பது புகழ்பெற்றது. நாற்பதுக்கு மேற்பட்டோரை அது காத்ததாகக் கூறுவர். 1814இல் பேர்ண் நகரில் இறந்த அதன் பாடம் செய்யப்பட்ட உருவத்தை அங்குள்ள இயற்கை வரலாற்று நூதனசாலையில் இன்றும் காணலாம். கழுத்திலே தொங்கும் மதுப் பீப்பா மட்டும் வரலாறன்று. 1820இல் லான்ட்சியர் என்னும் ஆங்கில ஓவியர் வரைந்த படத்திலிருந்து பரவிய கற்பனை அது. நெப்போலியன் வெள்ளைக் குதிரையில் இம்மலையைக் கடப்பதாக உள்ள ஓவியமும் அத்தகையதே. 1800ஆம் ஆண்டு மே மாதம் அவர் கடந்தது கோவேறு கழுதையின் மீது!

1964இல் கணவாயின் கீழே ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அன்றுமுதல் வணிகரோ சாரதியோ உச்சிக்கு ஏறவேண்டிய தேவை இல்லாதொழிந்தது. வழிப்போக்கர் இல்லாத வழியிலே சத்திரம் எதற்கு என்று கேட்பது நியாயமே. குருமாரும் இப்போது சிலரே. அவர்களுக்குப்பின் யார் என்பது சிறிய கேள்வியன்று. ஆயினும் சுரங்கத்துள் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. எனவே கால்நடையாக உரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகரும் மிதிவண்டியில் வருவோருமே இன்று பழைய வழிப்போக்கரைப் போலக் களைத்து, நனைந்து, பசித்து அக்கதவை அடைகின்றனர். பேர்னாட் எவருக்காகக் கட்டினாரோ அவர்களின் வழித்தோன்றல்கள் இவர்களே என்பது என் எண்ணம். எவ்வாறாயினும் கதவு பூட்டப்படுவதில்லை.

காலை வழிபாடும் ரொட்டியும் கோப்பியும் முடிந்தபின் வண்டியை எடுப்பவர் முதலில் தடைகளைச் சோதித்தல் வேண்டும். கையுறையும் காற்றுத்தடுப்புச் சட்டையும் அணிதல் வேண்டும். அருகிலுள்ள சிறிய ஏரியைக் கடந்தால் இத்தாலி. அங்கிருந்து ஆயோஸ்தா வரை முப்பது கிலோமீற்றருக்கு மேல் இறக்கமே.