சத்தம் போடும் ப்ராசசர் ஃபேனை வீட்டிலேயே மாற்றலாம்

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கேபினட்டுக்குள்ளிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஐந்து நிமிடத்தில் தானாகவே நின்று விடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே சத்தம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் சிலர் ஹார்டு டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்து விடுவார்கள். சிலர், அதுதான் நின்று விட்டதே என்று விட்டு விடுவார்கள். இரண்டுமே சரியல்ல. ஆன் செய்ததும் வந்து, சூடேறியதும் நின்று விடும் சத்தம் பெரும்பாலும் ஃபேனில் எண்ணெய் வற்றியதன் அறிகுறி.

ஃபேனில் எண்ணெயா என்று கேட்கலாம். ஆம், உண்டு. விலை குறைந்த ஃபேன்களின் நடுவில் ஒரு சிறிய வெண்கல புஷ் இருக்கும். ஃபேனின் தண்டு அதற்குள்தான் சுழல்கிறது. புஷ்ஷில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால் அது எண்ணெயை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். எண்ணெய் வெளியே போகாமல் இருக்க ஒரு மெல்லிய வளையமும், மேலே ஒரு மூடியோ ஸ்டிக்கரோ இருக்கும். கார் எஞ்சினில் ஆயில் சீல் செய்யும் அதே வேலைதான். காரில் ஆயில் சீல் தேய்ந்தால் தரையில் எண்ணெய்ச் சொட்டுகள் தெரியும். இங்கே இருப்பதே ஓரிரு சொட்டு என்பதால் எதுவும் தெரியாது. சத்தம் மட்டும்தான் கேட்கும். குளிர்ந்திருக்கும் போது மிச்சமுள்ள எண்ணெய் கெட்டியாக இருக்கும். சூடேறியதும் இளகித் தண்டைச் சுற்றிப் பரவும், சத்தம் அடங்கும். எண்ணெய் முழுவதும் வற்றியபின் சத்தம் நிற்காது, ஒரு நாள் ஃபேன்தான் நிற்கும்.

ஃபேன் நின்றால் ப்ராசசர் உடனே எரிந்து விடாது. இன்றைய ப்ராசசர்கள் சூடு எல்லை மீறும்போது (பல இன்டெல் ப்ராசசர்களில் இது 100 டிகிரி செல்சியஸ்) தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து விடும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் மந்தமானதும் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். போட்டோக்களும் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டும் அதில் அழிந்து போகலாம். அப்போதும் சரியாகாமல் கடைக்குக் கொண்டு போனால், மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. சில நூறு ரூபாய் ஃபேனுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

எந்த ஃபேன் என்று கண்டுபிடியுங்கள்

முதலில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பவர் வயரைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வெளியேறும். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து ஒவ்வொரு ஃபேனையும் விரலால் சுற்றி விடுங்கள். நல்ல ஃபேன் சில சுற்றுகள் சுற்றி மெதுவாக நிற்கும். தேய்ந்த ஃபேன் ‘சட்’டென்று நின்று விடும், நடுப்பகுதியைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும்.

எல்லாச் சத்தமும் எண்ணெய்ச் சத்தம் அல்ல. விடாமல் ‘டகடக’ என்று கேட்டால் ஏதாவது ஒரு வயர் இறக்கையில் உரசுகிறதா என்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘க்ளிக் க்ளிக்’ என்று வந்தால் மட்டும் தாமதிக்காமல் முக்கியமான பைல்களை வேறு டிரைவில் காப்பி செய்து விடுங்கள்.

சத்தம் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளிருந்து வந்தால் அதைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள், வயரைக் கழற்றிய பிறகும் ஆபத்தான அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை முழுதாக மாற்றுவதே வழி. வாரண்டி முடியாத கம்ப்யூட்டராக இருந்தாலும் கை வைக்காதீர்கள். பெட்டியோடு வாங்கிய இன்டெல் ப்ராசசருக்கு வழக்கமாக 3 ஆண்டு வாரண்டி உண்டு, உடன் வரும் ஃபேனும் அதில் அடங்கும்.

ஸ்டிக்கரைக் கிளப்பி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதாதா? தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை கிளப்பிய ஸ்டிக்கர் பழையபடி ஒட்டாது. எண்ணெய் சிறிது சிறிதாக வெளியேறித் தூசியைச் சேர்த்துக் கொள்ளும். தேய்ந்த புஷ் எண்ணெய் விட்டதால் புதிதாகி விடாது. புது ஃபேன் வரும்வரை சமாளிக்க வேண்டுமானால் இது உதவும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்து விடும்.

வாங்கும் முன்

ப்ராசசர் ஃபேனை ஹீட் சிங்க்கோடு சேர்த்து வாங்குவது புதியவர்களுக்குச் சுலபம். உங்கள் ப்ராசசர் சாக்கெட்டின் எண்ணைத் தெரிந்து கொண்டு கடைக்குப் போங்கள். மதர்போர்டின் மேனுவலில் அது இருக்கும். இன்டெல்லில் எல்ஜிஏ 1150, 1151, 1155, 1156, 1200 ஆகியவற்றுக்கு ஒரே கூலர் பொருந்தும், நான்கு துளைகளுக்கும் ஒரே இடைவெளிதான். எல்ஜிஏ 775க்கு இடைவெளி குறைவு, எல்ஜிஏ 1700க்கு அதிகம். இந்த இரண்டுக்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பால் பேரிங் ஃபேன் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். பொதுவாக சூட்டை அதிக நாள் தாங்கும். ஒரு சிறிய டியூப் தெர்மல் பேஸ்ட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தேவைப்படும்.

கழற்றி மாட்டுதல்

ஃபேன் ஓடும் நிலையில் இருந்தால், கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காய்ந்த பேஸ்ட் இளகும். பிறகு முன்பு சொன்னபடி மின் இணைப்பைத் துண்டித்துக் கேபினட்டைப் படுக்க வையுங்கள். கேபினட்டின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கி விடுங்கள். வயர்கள் இருக்கும் நிலையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக் கொண்டால் பிறகு தடுமாற வேண்டியதில்லை.

இன்டெல் கூலரின் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். ஃபேனின் வயரைக் கழற்றிய பின், ஒவ்வொரு பின்னின் தலையையும் அதிலுள்ள அம்புக்குறியின் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். கூலர் வராவிட்டால் பலமாக இழுக்காதீர்கள். இடமும் வலமுமாக லேசாகத் திருகுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் இது மிக முக்கியம். அந்தப் ப்ராசசரின் அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய கால்கள் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் கூலரோடு ஒட்டிக்கொண்டு ப்ராசசரே வெளியே வந்து கால்கள் வளைந்து விடும்.

ப்ராசசர் மேல் உள்ள பழைய பேஸ்ட்டை, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் பளிச்சென்று தெரியும்வரை துடையுங்கள். பிறகு ப்ராசசரின் நடுவில் ஒரு துவரம் பருப்பு அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். இரு உலோகங்களுக்கும் இடையே உள்ள நுண்ணிய காற்று இடைவெளியை நிரப்புவதுதான் இதன் வேலை. கொட்டி நிரப்பினால் பயன் கூடாது, வழிந்துதான் ஓடும். புதிய கூலரின் அடியில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்தால் மேலும் தடவ வேண்டாம், அதை விரலால் தொடவும் வேண்டாம்.

அடுத்ததுதான் இந்த வேலையில் பலரும் தவறும் இடம். பின்களின் தலைகளை முதலில் பழைய நிலைக்கு, அதாவது அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் திருப்பி வையுங்கள். நான்கும் துளைகளில் நேராக உட்கார்ந்ததும் ஒரு மூலையையும் அதற்கு எதிர் மூலையையும் சேர்த்து அழுத்துங்கள். ‘க்ளிக்’ என்று கேட்க வேண்டும். பிறகு மற்ற இரண்டையும் அதே போல் அழுத்துங்கள். கொஞ்சம் பலம் தேவைப்படும். ஒவ்வொன்றையும் மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. ஒரே ஒரு பின் சரியாகப் பிடிக்காவிட்டாலும் கூலர் சாய்ந்து விடும். அப்புறம் புது ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சூடு இறங்காது.

ஃபேன் வயரை மதர்போர்டில் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகுங்கள். (நாம் முழுப் பெட்டியையும் சிபியு என்று அழைத்துப் பழகி விட்டோம். உண்மையில் சிபியு என்பது இந்தப் ப்ராசசர்தான்.) வேறு இடத்தில் செருகினால் ஃபேன் இல்லை என்று நினைத்து மதர்போர்டு எச்சரிக்கை காட்டலாம்.

மூடியைப் போடாமலேயே ஆன் செய்து, ஃபேன் சுற்றுவதைப் பாருங்கள். உடனே பயாஸுக்குள் சென்று சிபியு வெப்பநிலையைச் சில நிமிடங்கள் கவனியுங்கள். 40, 50 டிகிரி அளவில் நின்றால் சரி. நிற்காமல் 80ஐத் தாண்டி ஏறிக் கொண்டே போனால் ஆஃப் செய்து விட்டுப் பின்களை மறுபடி சரிபாருங்கள். கூலரை முழுதாகத் தூக்க நேர்ந்தால் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத்தான் வைக்க வேண்டும்.

இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டினால் புது ஃபேன் நன்றாக உழைக்கும். ப்ளோயரால் ஊதும்போது மட்டும் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டு விடும்.