படைப்புழுவும் அதன் இனத்தனவும்

விளக்கொளியை நாடிவரும் சாம்பல்நிற விட்டில்கள் யாவும் ஒன்றே எனக் கமக்காரர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தால் மருந்துக்குச் செலவிட்ட பணம் வீணாவதுண்டு. நெல் நாற்றுமேடையை மொட்டையாக்கும் படைப்புழு, மிளகாயையும் கோவாவையும் தின்னும் புகையிலைப் புழு, சோளக் குருத்தைத் துளைக்கும் சோளப் படைப்புழு ஆகிய மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எனினும் அவை ஒளியும் இடம் வேறு. அழிக்கும் வழியும் வேறு.

இவற்றுள் சோளப் படைப்புழு நம் நாட்டுக்குப் புதியது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இது, இலங்கையில் 2018 ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. அவ்வாண்டுப் பெரும்போகச் சோளச் செய்கைக்கு நேர்ந்த சேதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 'சேனா' எனப் பலரும் அழைப்பது இதனையே. நெற்பயிரையும் இது உண்ண வல்லது.

விட்டிலை மாத்திரம் கொண்டு இனத்தைத் துணிதல் எளிதன்று. மூன்றுக்கும் பின்சிறகு வெண்மையே. சோளப் படைப்புழுவின் ஆண் விட்டிலுக்கு முன்சிறகின் நுனியருகே வெண்திட்டு ஒன்று உண்டு. பெண் விட்டிலில் அது தெளிவாயிராது. புகையிலைப் புழுவின் விட்டிலில் வெளிறிய கோடுகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும். சிறகின் தூள் உதிர்ந்தால் இவ்வடையாளங்களும் மறையும். ஆகவே, புழுவைக் கையிலெடுத்துப் பார்ப்பதே எனது வழக்கம்.

வளர்ந்த புழுவின் வாற்புறத்தை முதலிற் பாருங்கள். வாலுக்குச் சற்று முன்னுள்ள கண்டத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரத்தின் மூலைகள்போல் அமைந்திருப்பின் அது சோளப் படைப்புழு. கவர்விட்ட தடியைத் தலைகீழாக நிறுத்தினாற்போன்ற வெண்கோடு அதன் முகத்திற் காணப்படும். இக்கோடு ஏனைய புழுக்களிலும் மங்கலாக இருக்கலாம். எனவே புள்ளிகளையே நம்புங்கள். புகையிலைப் புழுவுக்கோ முதுகின் இருமருங்கும் கரிய முக்கோணப் புள்ளிகள் வரிசையாக ஓடும்.

சோளப் படைப்புழு குருத்தினுள்ளே, மரத்தூள் போன்ற தன் எச்சத்தின் கீழ்ப் பதுங்கும். வெளியிலைகளில் தெளித்த மருந்து அதனை எட்டாது. பயிர் இளமையாயிருக்கும்போதே குருத்தை விரித்துப் பார்த்து, முட்டைக் குவியலையும் புழுவையும் நசுக்குதல் வேண்டும். புகையிலைப் புழு இலையின் அடியில் கபில நிற மயிர் மூடிய குவியலாக முட்டையிடும். குஞ்சுப்புழுக்கள் கூட்டமாயிருந்து பச்சையத்தைச் சுரண்டுவதால் இலை சல்லடையாகும். அவை பிரிந்து செல்லுமுன் அவ்விலையைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

நாற்றுமேடைப் புழு பகலில் நாற்றின் அடியிலும் மண்வெடிப்பிலும் மறைந்து, இரவில் மேயும். மேடை மூழ்க நீர் கட்டினால் புழு நாற்றின் நுனிக்கு ஏறும். பறவைகள் அதனைப் பொறுக்கும். அடுத்த வயலிலிருந்து படையாக வருமாயின் வரம்போரம் கான் வெட்டி நீர் நிறுத்துங்கள்.