அலை அடிக்கிற இடமெல்லாம் மின்சாரம் இல்லை

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போய் நிற்கிறவர்கள் ஊர் திரும்பியதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு அலை சும்மா அடிச்சிட்டுப் போகுதே, கவர்மெண்ட் மனசு வெச்சா கரண்ட் எடுக்க முடியாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் பல நம்பிக்கைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் அரசிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகும்.

நம்பிக்கை: அரசு இதற்குப் பைசா செலவழித்ததே இல்லை.

சென்னை ஐஐடியில் அலை ஆற்றலுக்கென ஆய்வுக் குழு உருவாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மத்திய அரசின் கடல் மேம்பாட்டுத் துறை பணம் கொடுத்தது. அந்தக் குழுவின் உழைப்பில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 1991-இல் 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கடலடியில் ஊன்றிய பெரிய கான்கிரீட் அறை. அதன் கீழ்ப்பக்கம் தண்ணீருக்குள் திறந்திருக்கும். அலை வந்தால் உள்ளே நீர்மட்டம் ஏறி, மேலே இருக்கும் காற்றை நெருக்கி வெளியே தள்ளும். அலை இறங்கினால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். போகிற காற்றும் வருகிற காற்றும் ஒரே டர்பைனைத்தான் கடக்கின்றன. அதன் இறக்கைகள் இருபுறமும் ஒரே வடிவம் கொண்டவை என்பதால், காற்று எந்தப் பக்கம் வீசினாலும் டர்பைன் ஒரே திசையில்தான் சுழலும். அலை மின்சாரம் பல நாடுகளில் வெறும் தாளில் இருந்த காலத்தில் நம் பொறியாளர்கள் அதைக் கடலில் நட்டுக் காட்டினார்கள். பின்னாளில் அதே நிலையத்தின் மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். 2011-இல் அதை மூடிவிட்டார்கள்.

பணம் வரவில்லை என்பது தவறு. ஆராய்ச்சிக்கு வந்த பணம் அடுத்த படிக்கு வரவில்லை என்பதுதான் உண்மை. விழிஞ்ஞத்தில் கற்றதை வைத்து இரண்டாவது, மூன்றாவது நிலையம் எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி ஐஐடி குழு மிதக்கவிட்ட 'சிந்துஜா-1' கருவியின் திறன் 100 வாட். ஒரு சீலிங் ஃபேனுக்கும் ஒரு பல்புக்கும் போதும். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் 150 கிலோவாட் கண்ட ஒரு நாடு, முப்பது ஆண்டு கழித்து மறுபடி 100 வாட்டில் தொடங்க வேண்டியிருந்தது மனதை வருத்துகிறது.

நம்பிக்கை: மரக்காணத்திலேயே ஓத மின்நிலையம் கட்டலாம், கழுவெளி ஏரியின் முகத்துவாரம் இருக்கிறதே.

இது நடக்காது. கடல் ஏறி இறங்கும் உயரத்தில்தான் ஓத மின்சாரம் இருக்கிறது. குஜராத்தின் காம்பட் வளைகுடாவில் அந்த உயரம் 10 மீட்டரையும் தாண்டுவதுண்டு. நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அதோடு, உயரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆறில் ஒரு பங்கானால் ஆற்றல் முப்பத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதற்காகக் கழுவெளியின் வாயில் தடுப்பணை கட்டினால், அங்கே வரும் பறவைகளையும் இறாலையும் இழப்போமே தவிர, மின்சாரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

நம்பிக்கை: அலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை; அதனால் மின்சாரமும் மலிவு.

அலை இலவசம்தான். அதைப் பிடிக்கிற இயந்திரத்தின் விலை வேறு கதை. இந்தியக் கரைகளில் பெரும்பாலும் அலைமுகட்டின் ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 முதல் 15 கிலோவாட் வரைதான் ஆற்றல் உண்டு. ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையில் இது பல மடங்கு. இயந்திரம் சம்பாதிப்பது சாதாரண நாட்களின் இந்த அலையில். ஆனால் அதைக் கட்ட வேண்டியதோ புயல் நாளுக்காக. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் ஊர் மறக்காது. அப்படி ஓர் இரவைக் கடலுக்குள் நின்று தாங்க வேண்டிய இரும்பையும் சங்கிலியையும் நினைத்துப் பாருங்கள். உப்பு அரிக்கும், பாசியும் சிப்பியும் ஒட்டும், பழுது பார்க்கப் படகும் முக்குளிப்பவர்களும் வேண்டும்.

ஓத மின்சாரத்திலும் செலவு இதே கதைதான். மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில், துர்காதுவானி ஓடையில் 3.75 மெகாவாட் ஓத மின்திட்டம் ஒன்று இருந்தது. மதிப்பீடு 238 கோடி ரூபாய் வரை ஏறியதும் கைவிடப்பட்டது. மெகாவாட்டுக்கு 60 கோடிக்கும் மேல்!

நம்பிக்கை: 2019-லேயே அறிவிப்பு வந்துவிட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும்.

2019 ஆகஸ்டில் மத்திய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் அலை, ஓதம், கடல் வெப்பம் போன்றவற்றிலிருந்து வரும் மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்கது என்று அறிவித்தது. மின்வாரியங்கள் கட்டாயம் வாங்க வேண்டிய பசுமை மின்சாரத்தில், சூரியசக்தி அல்லாத பிரிவில் அதைக் கணக்குக் காட்டலாம் என்றது. நல்ல தொடக்கம். ஆனால் காற்றாலை மின்சாரமும் அதே பிரிவில்தான் இருந்தது. முப்பந்தல் காற்றாலைகளில் மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டு, பல மடங்கு விலை கொடுத்துக் கடல் மின்சாரத்தை எந்த வாரியம் வாங்கும்?

பிரிட்டன் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. 2022 ஏலத்தில் கடல் நீரோட்ட மின்சாரத்துக்கென்று ஆண்டுக்கு 2 கோடி பவுண்டைத் தனியாக ஒதுக்கி, காற்றாலையோடு மோதவிடாமல் காத்தது. ஏறக்குறைய 41 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். விலை, 2012 கணக்குப்படி, யூனிட்டுக்கு நம் பணத்தில் சுமார் 17 ரூபாய். 15 ஆண்டு உத்தரவாதம். விலை அதிகம்தான், ஆனால் அளவு சிறியது. மொத்தச் செலவு எவ்வளவு என்று முதல் நாளே தெரியும். நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: சில மெகாவாட்டுக்கு மட்டும் தனி விலை, தனி ஒதுக்கீடு, பத்துப் பதினைந்து ஆண்டு உறுதி.

நம்பிக்கை: 7,453 கோடி ரூபாய் அலை மின்சாரத்துக்கு வந்துவிட்டது.

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட அந்தத் தொகை கடலில் நடும் காற்றாலைகளுக்கானது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். அலைக்கும் ஓதத்துக்கும் அதில் பங்கில்லை. 2021-இல் ஒப்புதல் பெற்ற 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்தில் கடல் வெப்ப மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் ஒரு பிரிவு உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் லட்சத்தீவில் அந்த வேலையைச் செய்கிறது.

நம்பிக்கை: மீனவர்கள்தான் முட்டுக்கட்டை.

இந்தப் பேச்சை ஒப்புக்கொள்ள முடியாது. கடலுக்குள் எதை நிறுத்தினாலும் அதைச் சுற்றி வலை போட முடியாது. கேபிள் கரை ஏறுகிற இடத்தில் படகு இழுக்க முடியாமல் போகலாம். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடத்தில் பார் (கடலடிப் பாறை) கிடக்கிறது என்பதைக் குப்பத்துக்காரர்கள் அறிவார்கள். திட்ட அறிக்கை எழுதி முடித்தபின் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் அந்த அறிவு வீணாகிவிடும். இடம் பார்க்கும் கட்டத்திலேயே ஊர்ப் பஞ்சாயத்தைக் கூப்பிட்டு வலைபோடும் இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும். கடலுக்குள் கட்டுமான வேலையை முடிந்தவரை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேலும் தொழில் முடங்கினால், எத்தனை நாள், எவ்வளவு இழப்பீடு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும்.