ஃபேரூனில் உங்கள் குட்டி ராஜ்ஜியம்

எட் கிரீன்வுட் உருவாக்கி, 1987-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்கென வெளிவந்த உலகம் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்'. அதன் ஃபேரூன் கண்டத்தில் உங்கள் சொந்த நாட்டை உறுத்தாமல் நுழைக்கச் சில யோசனைகள்:

* வாட்டர்டீப் போன்ற பெருநகரங்களை ஒட்டி வைக்காதீர்கள். 'இத்தனை நாள் எங்கே இருந்தது இந்த நாடு?' என்ற கேள்வி வரும். தெற்கே 'பார்டர் கிங்டம்ஸ்' பகுதியில் குட்டி அரசுகள் முளைப்பதும் மறைவதும் சகஜம். அங்கே இன்னொன்று வந்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

* ஒரு கோட்டை, ஒரு சந்தை, நாலு கிராமம். தொடக்கத்துக்கு இது போதும்.

* அண்டை நாட்டோடு கொடுக்கல் வாங்கல் இருக்கட்டும். கம்பளி மூட்டைக்கு வரி கேட்டு வண்டிக்காரரோடு மல்லுக்கட்டும் சுங்கக்காரர் ஒருவரைக் காட்டினாலே நாடு உயிர்பெற்றுவிடும்.

* புதுத் தெய்வம் எதற்கு? விளைச்சலுக்குரிய சான்டீயாவையே உள்ளூர்ப் பெயரில், உள்ளூர்த் திருவிழாவோடு கும்பிடட்டும்.

* ஃபேரூனின் 'டேல்' ஆண்டுக் கணக்கில் 1385-ஆம் ஆண்டு மந்திர சக்தியே நிலைகுலைந்த 'ஸ்பெல்பிளேக்' பேரழிவு உங்கள் நாட்டையும் தொட்டிருக்க வேண்டும். அன்று வற்றிய கிணற்றை ஓர் எல்ஃப் கிழவி கைநீட்டிக் காட்டட்டும்.

* எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதித் தீர்க்காதீர்கள். வரைபடத்தில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள், ஆடுபவர்கள் நிரப்புவார்கள்.