முதலாண்டுக் குழந்தைக்கு ஏற்ற விளையாட்டுப் பொருள்கள்

பச்சிளங் குழந்தையைப் பார்க்கப் போகும்போது ஒரு பொம்மை வாங்கிச் செல்வது வழக்கம். கடையில் எது பளபளக்கிறதோ, எது உரக்க ஓசையிடுகிறதோ அதையே கை எடுக்கிறது. ஆனால் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை வைத்துக்கொண்டு குழந்தை என்ன செய்யும்? சாவி கொடுத்தால் தானே ஆடும் பொம்மையைக் குழந்தை வேடிக்கை பார்க்கிறது; அவ்வளவுதான். கிலுகிலுப்பையிலோ, குழந்தை ஆட்டினால்தான் ஓசை வரும். அதுவே குழந்தையை வளர்க்கும் பொருள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மாணவியரும் தாய்மாரும் இதனை மாத வாரியாக அறிந்திருப்பது நலம்.

1. பிறந்தது முதல் மூன்று மாதம்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ அதுவே. ஆகவே முதல் விளையாட்டுப் பொருள் தாயின் முகம். அடுத்து, கறுப்பும் வெள்ளையுமான பெரிய கோலம் வரைந்த அட்டை ஒன்று போதும். அதை மெல்ல நகர்த்தினால் கண்கள் தொடரப் பழகும்.

2. நான்கு முதல் ஆறு மாதம்

இப்போது கை பொருளைப் பற்றும்; பற்றியது வாய்க்குப் போகும். வாயால்தான் குழந்தை பொருளின் வழவழப்பையும் கடினத்தையும் அறிகிறது. எனவே வண்ணம் பூசாத மரவளையம், துவைக்கக்கூடிய துணிப்பொம்மை ஆகியவை ஏற்றவை. பனையோலைக் கிலுகிலுப்பையும் நல்லதே. ஓலை பிரிந்தால் உள்ளிருக்கும் கற்கள் வாய்க்குள் போய்விடும் என்பதால் நாள்தோறும் பார்க்க வேண்டும். ஆறு மாதமாகியும் ஓசை வரும் பக்கம் திரும்பாத குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

3. ஏழு முதல் ஒன்பது மாதம்

உட்காரும் குழந்தை பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும், தட்டும். எவர்சில்வர் தம்ளரும் மரக்கரண்டியும் கொடுங்கள். ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் குழந்தை மறைத்த பொருளைத் தேடத் தொடங்குகிறது என்பதை சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே (1896–1980) விளக்கினார். கரண்டியைத் துண்டின்கீழ் ஒளித்துப் பாருங்கள். துண்டை விலக்கி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாததும் இருக்கிறது என்பதைக் குழந்தை கற்றுக்கொண்டது என்று பொருள்.

4. பத்து முதல் பன்னிரண்டு மாதம்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சிறு பொருளை எடுக்கும். ஒன்றனுள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், போட்டு எடுக்க ஒரு டப்பா, உருட்ட ஒரு துணிப்பந்து ஆகியவை ஏற்றவை. எழுந்து நிற்கும் குழந்தைக்கு நம் மர நடைவண்டி, ஆள் துணையோடு, சமதரையில் ஏற்றது. குழந்தையை உட்காரவைத்து ஓடவிடும் சக்கர வாக்கர் வேண்டாம். படிகளில் உருண்டு விபத்து நேர்வதால் கனடா நாடு அதன் விற்பனையை 2004-இல் தடை செய்தது.

கவனிக்க வேண்டியவை

அ) 3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாயினுள் அடங்கிவிடும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும். புளியங்கொட்டை, குன்றிமணி, கோலி, மணிகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும். குன்றிமணி நஞ்சும் ஆகும்.

ஆ) பொத்தான் பேட்டரி உள்ள பொம்மை வேண்டாம். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இ) நீண்ட கயிறும், உரியும் வண்ணப்பூச்சும் ஆகா. தொழிற்சாலைப் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 1-1-2021 முதல் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது. அதைப் பார்த்து வாங்குக.

ஈ) அழுகையை அடக்கக் கைப்பேசியைக் காட்டாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

முடிவுரை

மேற்சொன்ன மாதங்கள் குழந்தைக்குக் குழந்தை சற்று மாறும். அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். பத்துப் பொம்மைகளை ஒருசேரப் பரப்பாமல், இரண்டை மட்டும் கொடுத்து, அருகில் அமருங்கள். குழந்தை கரண்டியைக் கீழே போடும், எடுத்துக் கொடுங்கள். மறுபடியும் போடும், மறுபடியும் எடுத்துக் கொடுங்கள். அது குறும்பு அன்று, பாடம். அந்தப் பாடத்துக்கு விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை; சலிக்காமல் குனிந்து எடுத்துக் கொடுக்கும் ஒருவர் தேவை.